ஒரே பெயர், ஒரே ஊர்: கோலாலம்பூர்ப் பெயர்க்காரர்களைக் குழப்பாமல் பட்டியல் போடுவது எப்படி

துணி எடுக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சாலை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். மூத்தவர்களுக்கு அது இன்னும் பத்து ரோடுதான். ஆண்டு மலர்களிலும் பள்ளிப் புதிர்ப் போட்டிகளிலும் அதை “நாட்டின் முதல் பிரதமர் பெயரில் அமைந்த சாலை” என்று எழுதிவிடுகிறார்கள். அது பிரதமர் இல்லை. முதல் மாமன்னர், நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். சட்டைப்பையில் இருக்கும் பத்து ரிங்கிட் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கிற முகம் அவருடையது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா. கெடா அரச குடும்பத்தவர். ‘துங்கு’, ‘துவாங்கு’ இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ‘வா’. அது விழுந்தால் ஆளே மாறிப்போகிறார்.

இதில் பெயர்ச் சுருக்கம் வேறு சேர்ந்து சிக்கலைப் பெரிதாக்குகிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சாலையையும் ‘டார்’ என்கிறோம், 1969-இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியையும் ‘டார்’ என்கிறோம். சாலையின் டார் மாமன்னர், கல்லூரியின் டார் பிரதமர். ஒரே ஊரோடு தொடர்புள்ள ஒரே பெயர்க்காரர்களைப் பட்டியல் போட உட்காருகிறவருக்கு முதல் வேலை இப்படிப்பட்ட கோட்டைக் கிழிப்பதுதான். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பது இரண்டாம் பட்சம்.

கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ், மரபு நடைப்பயணம், விக்கிப்பீடியாவின் பெயர் வழிகாட்டிப் பக்கம் என எதற்கு எழுதினாலும் முறை ஒன்றே. ஒரு பெயருக்கு 6 முதல் 12 பேர் வரை வைத்துக்கொண்டால் இரண்டு வார இறுதிகளில் முடியும். அதற்கு மேல் போனால் நூற்றாண்டு வாரியாகவோ தொழில் வாரியாகவோ பிரித்துவிடுங்கள்.

முதலில் ‘முதல் பெயர்’ எது

மேற்கத்தியப் பெயரில் இது எளிது: ஆர்தர் முதல் பெயர், ஹப்பேக் குடும்பப் பெயர். நம் ஊரில் நான்கு விதமான பெயர் வழக்கம் ஒரே தெருவில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி வேண்டும்.

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். யாப் ஆ லோய், யாப் ஆ ஷாக், யாப் குவான் செங் மூவரும் கோலாலம்பூரின் கப்பித்தான்களாக, அதாவது சீனச் சமூகத் தலைவர்களாக, இருந்தவர்கள். மூவருக்கும் பொதுவான ‘யாப்’ குடும்பப் பெயர். அவர்களை ‘ஒரே முதல் பெயர்க்காரர்கள்’ பட்டியலில் போட்டால் பட்டியலின் அடித்தளமே தவறாகிவிடும். ‘ஒரே குடும்பப் பெயர்’ என்று தனித் தலைப்பு கொடுங்கள்.

மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘இப்னி’ என்பதற்குப் பின்னால் வருவது தந்தை பெயர். ‘அப்துல்’ தனியாக நிற்காது. ‘அப்துல் ரஹ்மான்’, ‘அப்துல் சமாட்’ என்று இரு சொல்லையும் சேர்த்தே ஒரு பெயராக எண்ண வேண்டும். ‘அப்துல்’ என்ற தலைப்பின் கீழ் அப்துல் ரசாக்கையும் அப்துல் ரஹ்மானையும் சேர்ப்பது ‘சுப்பு’ என்ற தலைப்பில் சுப்பையாவையும் சுப்பிரமணியத்தையும் சேர்ப்பது போல.

தமிழ்ப் பெயரில் தன் பெயர்தான் முதல் பெயர், முன்னெழுத்து தந்தையுடையது. மலேசிய ஆவணங்களில் முன்னெழுத்துக்குப் பதில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்பதன் சுருக்கத்துக்குப் பின் தந்தை பெயர் முழுதாக வரும். அதனால் அடையாள அட்டையில் இருக்கும் வடிவமும் நாளிதழில் இருக்கும் வடிவமும் ஒரே ஆளுக்கே வேறு வேறாகத் தெரியும்.

பட்டங்களைப் பெயராக எண்ணாதீர்கள். துன், டான் ஸ்ரீ, டத்தோ எல்லாம் விருதுகள், காலத்தோடு மாறும். 1960-களின் செய்தியில் டத்தோவாக இருந்தவர் பத்து ஆண்டில் டான் ஸ்ரீ ஆகியிருக்கலாம். அதை வைத்து இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேடும்போது பட்டத்தை நீக்கிவிட்டுத் தேடுங்கள். எழுதும்போது கடைசிப் பட்டத்தைப் போடுங்கள்.

அடுத்தது ஊர் எல்லை

‘கோலாலம்பூர்’ என்று நீங்கள் சொல்வது எந்தக் கோலாலம்பூர்? 1880-இல் சிலாங்கூரின் தலைநகர், 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகர், 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம். பத்துமலை கோம்பாக் மாவட்டத்தில், சிலாங்கூரில் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவும் சிலாங்கூர். பத்துமலையைக் கோலாலம்பூர் என்று பேச்சில் சொல்லலாம். பட்டியலில் சொன்னால் அதன் பிறகு கிள்ளான்காரரையும் தடுக்க முடியாது.

தொடர்பை எப்படி அளப்பது என்பதைப் பட்டியலின் தலையிலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். பரிந்துரைக்கத்தக்க அளவு இது: ஊரில் பிறந்தவர், அல்லது ஊரில் தொடர்ந்து வேலை பார்த்தவர், அல்லது இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவதொன்றை ஊரில் விட்டுச் சென்றவர். ஒருமுறை வந்து போனது, கூட்டத்தில் பேசியது எல்லாம் தொடர்பாகாது. தெருப் பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. சுல்தான் அப்துல் சமாட் பெயரில் மணிக்கூண்டுக் கட்டடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் வந்தது 1974-இல்தான். 1897-இல் திறந்தபோது அது அரசாங்க அலுவலகம். ஆகவே பழைய செய்தித்தாளில் அந்தக் கட்டடத்தைத் தேடுகிறவர் ‘சுல்தான் அப்துல் சமாட்’ என்று தட்டினால் ஒன்றும் கிடைக்காது. ‘அரசாங்க அலுவலகம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்ட வேண்டும். தெருவுக்கும் இதே கதை. மகா மாரியம்மன் கோயில் இருக்கிற ஜாலான் துன் எச். எஸ். லீ, பழைய ஏடுகளில் ஹை ஸ்திரீட்.

ஒரு மாதிரி: கோலாலம்பூரின் ஆர்தர்கள்

செய்து பழகுவதற்கு இதைவிட நல்ல பெயர் இல்லை. இந்த ஊரைக் கட்டியதில் பெரும்பங்கு மூன்று ஆர்தர்களுக்கு உண்டு, மூவருமே கட்டடக் கலைஞர்கள்.

ஆர்தர் சார்ல்ஸ் ஆல்ஃபிரட் நார்மன், பொதுப்பணித் துறையில் இருந்தவர். இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று சொல்வதன் திட்டம் அவர் கையில் தொடங்கியது. முகப்புக்கு முகலாயச் சாயல் கொடுத்து வரைந்ததில் அவரோடு வேலை பார்த்த பிட்வெல்லுக்குப் பங்கு உண்டு. ஆர்தர் பெனிசன் ஹப்பேக் 1895-இல் அதே துறைக்கு வந்தவர். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்து மஸ்ஜித் ஜாமேக் (1909), பழைய ரயில் நிலையம் (1910) இரண்டும் அவருடையவை. ஆர்தர் ஓக்லி கோல்ட்மன் ஒரு தலைமுறை பின்னால் வந்தவர். மேடான் பாசாரில் நிற்கிற 1937-ஆம் ஆண்டு மணிக்கூண்டு அவர் வரைந்தது. குவிமாடம் எதுவும் கிடையாது. நேர்கோடுகளும் சூரியக்கதிர் வடிவமுமாக அந்தக் காலத்துப் புதுப் பாணி.

மூவரில் முதல் இருவரைத்தான் அதிகம் குழப்புகிறார்கள். காரணம் தெளிவு: இருவரும் ஒரே துறை, ஒரே ஊர், அப்துல் சமாட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த 1894–1897 காலத்தின் நடுவில் ஹப்பேக் அங்கே வந்து சேர்கிறார், கட்டடங்களின் பாணியும் ஒன்றுபோல. அதனால் குவிமாடம் இருக்கிற எல்லாமே ஹப்பேக் கணக்கில் போய்விடுகிறது. ஆண்டை முதலில் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1894-இல் அடிக்கல் போட்ட கட்டடத்தை 1895-இல் வந்தவர் தொடங்கியிருக்க முடியாது.

ஒரு ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் செய்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. ஹப்பேக் அட்டை இப்படி இருக்க வேண்டும்:

முழுப் பெயர்: ஆர்தர் பெனிசன் ஹப்பேக்
ஏடுகளில் வரும் வடிவம்: ஏ. பி. ஹப்பேக்
ஆண்டுகள்: 1871–1948
பிறந்த ஊர்: லிவர்பூல்
தொழில்: கட்டடக் கலைஞர், பொதுப்பணித் துறை
ஊர்த் தொடர்பு: 1895 முதல் வேலை, மஸ்ஜித் ஜாமேக், ரயில் நிலையம்
யார் இல்லை: சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைத் தொடங்கிய நார்மன் இல்லை; காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பாடுபட்ட தம்பி தியோடர் ஹப்பேக் இல்லை

கடைசி வரிதான் உயிர். மற்ற வரிகள் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். ‘யார் இல்லை’ என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை எழுதக் கை வராவிட்டால், அந்த ஆளை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். திரும்பத் தேடுங்கள்.

‘பிட்வெல்’ என்ற பெயரையும் கவனியுங்கள். அவருடைய முன்னெழுத்துகள் ஆர். ஏ. ஜே. நடுவில் இருக்கும் ‘ஏ’வைப் பார்த்துவிட்டு ஆர்தர் என்று எடுத்துக்கொள்ளக் கை பரபரக்கும். அது ஆல்ஃபிரட். விரித்துப் பார்க்காத முன்னெழுத்து எதையும் பெயராக எண்ணக் கூடாது.

பெயரும் குடும்பப் பெயரும் இரண்டுமே ஒன்றாக இருந்தால்

இதுதான் கடினமான கட்டம். மலாயா வரலாற்றில் இரண்டு சர் ஆர்தர் யங் உண்டு. ஒருவர் ஆர்தர் ஹென்டர்சன் யங், 1911 முதல் 1920 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர், கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உயர் ஆணையர். இன்னொருவர் ஆர்தர் எட்வின் யங், அவசரகாலத்தில் 1952-இல் லண்டனிலிருந்து வந்து மலாயாவின் போலீஸ் படைக்குத் தலைமை வகித்தவர். முதல், கடைசிப் பெயர்கள் இரண்டும் ஒன்று, பட்டமும் ஒன்று. இவர்களைப் பிரிப்பது நடுப்பெயரும் ஆண்டும்தான்.

பிரிக்கும் சோதனை மூன்று கேள்வி: எந்த ஆண்டு, என்ன தொழில், எந்த இடம். இரண்டு செய்திகளில் ஒரே பெயர் வந்தால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு முரண்பட்டால் இரண்டு ஆள். ஒன்று மட்டும் முரண்பட்டால் மூன்றாவது செய்தி கிடைக்கும்வரை முடிவு சொல்லாதீர்கள். பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாவிட்டால் தனித்தனி அட்டையாகவே வைத்திருங்கள். தனித்தனியாக இருக்கும் இரண்டு அட்டையைப் பின்னால் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது நாள் கணக்கில் ஆகும், ஏனென்றால் அதற்குள் ஒருவருடைய பிறந்த ஆண்டு மற்றவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒட்டி நாலு இடத்துக்குப் போயிருக்கும்.

முன்பு சொன்ன ஊர்த் தொடர்பு அளவுகோலை யங் இருவர் மேலும் வைத்துப் பாருங்கள். போலீஸ் யங்கின் வேலை கோலாலம்பூரில், அவர் உள்ளே. ஆளுநர் யங்கின் இருக்கை சிங்கப்பூர். அதிகாரம் இங்கேயும் ஓடியது என்பதால் மட்டும் சேர்க்க வேண்டாம். ஆனால் அவரைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. பட்டியலின் அடியில் ‘இவரையும் பார்க்க’ என்று ஒரு வரி கொடுங்கள், தேடி வருகிறவர் எந்த யங்கைத் தேடுகிறார் என்று அவருக்கே அப்போதுதான் தெளிவாகும்.

ஏடுகளில் தேடும்போது

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னாக்கப் பழைய நாளிதழ்த் தளம் நம் ஊர்ச் செய்திக்கும் பெரிய சுரங்கம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கே ‘ஆர்தர்’ என்று தட்டினால் வேண்டியது கிடைக்காது. அந்தக் காலத்து ஏடுகள் ‘மிஸ்டர் ஏ. பி. ஹப்பேக்’ என்றுதான் அச்சிட்டன. முன்னெழுத்துகளைப் புள்ளியோடு ஒருமுறை, புள்ளியில்லாமல் ஒருமுறை, குடும்பப் பெயரை மட்டும் ஆண்டு வரம்போடு ஒருமுறை என மூன்று முறை தேடுங்கள். பழைய அச்சை எந்திரம் படிக்கும்போது எழுத்துகள் மாறிவிழும். அதனால் தேடலில் வராதது இல்லை என்று ஆகிவிடாது. அந்த மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதும் வேலையில் சேர்ந்ததே.

தமிழ்ப் பெயர்களுக்கு ரோமன் எழுத்து வடிவம் நாலைந்து இருக்கும். தம்பூசாமிப் பிள்ளையைத் தேடுகிறவர் ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும், நடுவில் இரட்டை ‘ஓ’வோடும் ஒற்றை ‘யு’வோடும் தேட வேண்டும். சுப்பிரமணியம் ‘எம்’மில் முடியலாம், ‘என்’னில் முடியலாம். தமிழ் ஏடுகளிலேயே ரஹ்மான், ரகுமான், ரஹிமான் என மூன்று வடிவம் புழங்குகிறது. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏட்டைப் பார்க்கும்போது ஒரு தலைமுறைக்குள் எழுத்துக்கூட்டல் மாறுவதைக் கவனித்து, எல்லா வடிவத்தையும் அட்டையில் குறித்துவையுங்கள். நூலுக்கு மலேசியத் தேசிய நூலகம், அரசு ஆவணத்துக்கு மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். காப்பகத்துக்குப் போகும்போது ஆண்டு வரம்பைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உதவ முடியாது.

கோயில் கல்வெட்டு, உபயப் பலகைகளில் தமிழ் ஆண்டு இருந்தால் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். ‘விளம்பி, தை’ என்றால் 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம், 2019-ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்கும் ஆண்டென்பதால் தை வரும்போது ஆங்கில ஆண்டு ஒன்று கூடியிருக்கும். விளம்பி 1958-இல் தொடங்கியது என்று பார்த்துவிட்டு தை மாதத்தையும் 1958 என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. தாத்தாவும் பேரனும் ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில், அறுபது ஆண்டு தவறினால் பேரனின் கொடை தாத்தா பெயரில் ஏறிவிடும்.

நம் பெயர்களில் வரும் இரண்டு கண்ணிகள்

ஒன்று, முன்னெழுத்தும் சேர்ந்து ஒத்துப்போவது. மஇகாவில் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) எஸ். சுப்பிரமணியம் இருவர். ஒருவர் சின்னையாவின் மகன், நெடுங்காலம் கட்சியின் துணைத் தலைவர். மற்றவர் சதாசிவத்தின் மகன், மருத்துவர், கட்சித் தலைவராகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். 2004-இல் சிகாமாட் நாடாளுமன்றத் தொகுதி முன்னவரிடமிருந்து பின்னவருக்குப் போனது என்பதால் தொகுதியைச் சொல்லிக்கூடப் பிரிக்க முடியாது. தந்தை பெயரை விரித்து எழுதுவது ஒன்றே வழி. ‘டாக்டர்’ என்ற அடையாளத்தை நம்பி விட்டுவிட வேண்டாம், பாதிச் செய்திகளில் அது விடுபட்டிருக்கும். இருவரும் கோலாலம்பூரில் அலுவல் பார்த்தவர்கள்தானே, பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே சரி. அமைச்சராக இருந்ததையே ஊர்த் தொடர்பாக எடுத்துக்கொண்டால் நாட்டின் எல்லா அமைச்சர்களும் கோலாலம்பூர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர்: ஒருவரை இருவராக எண்ணிவிடுவது. பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி தேவரும், மஇகா தொடக்க காலத்து ஜானகி ஆதி நாகப்பனும் ஒருவரே. கோலாலம்பூரில் 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். 1943-ஆம் ஆண்டுச் செய்தியில் தந்தை வழிப் பெயர், பிந்தைய செய்திகளில் கணவர் பெயர். ‘ஜானகி’ பட்டியல் போடுகிறவர் அசந்தால் இரண்டு வரி வந்துவிடும், இரண்டிலும் பாதி வாழ்க்கைதான் இருக்கும். பெண்களின் அட்டையில் திருமணத்துக்கு முந்திய பெயர், பிந்திய பெயர் என இரண்டு வரி கட்டாயம் போடுங்கள்.

எழுதி முடிப்பது

வரிசையை அகரவரிசையில் வைக்காதீர்கள். எல்லாருக்கும் பெயர் ஒன்றே என்பதால் அகரவரிசை வாசகருக்கு எதையும் சொல்லாது. பிறந்த ஆண்டு வரிசையில் வையுங்கள். நார்மனுக்குப் பின் ஹப்பேக், அவருக்குப் பின் கோல்ட்மன் என்று வரும்போது ஊர் வளர்ந்த கதையும் கூடவே தெரியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரே வரி, பதினைந்து சொல்லுக்குள். பெயர், ஆண்டு, தொழில், ஊரில் அவர் விட்டுச் சென்றது. ‘புகழ்பெற்ற’, ‘மாபெரும்’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், அவை எல்லாருக்கும் பொருந்துவதால் யாரையும் பிரித்துக் காட்டாது. ‘ஆர்தர் பெனிசன் ஹப்பேக் (1871–1948), கட்டடக் கலைஞர், மஸ்ஜித் ஜாமேக், பழைய ரயில் நிலையம்’ என்றால் போதும். தமிழ் எழுத்துக்கூட்டல் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே வையுங்கள். மேலே ‘ஹப்பேக்’, கீழே ‘ஹப்பக்’ என்றால் வாசகர் இன்னொரு ஆள் வந்துவிட்டார் என்றே நினைப்பார்.

ஒவ்வொரு வரிக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் ஐந்து பக்கம் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது ஒரு சான்றுதான். பிறகு நடந்து போய்ப் பாருங்கள். மஸ்ஜித் ஜாமேக் ரயில் நிலையத்தில் இறங்கினால் பள்ளிவாசல், மேடான் பாசார் மணிக்கூண்டு, சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மூன்று ஆர்தரையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம். கட்டடத்தில் பதித்த ஆண்டையும் உங்கள் அட்டையில் இருக்கும் ஆண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பதறாதீர்கள்: அடிக்கல் ஆண்டும் திறப்பு விழா ஆண்டும் வேறு வேறு. எது எது என்று அட்டையில் குறியுங்கள்.

கடைசியாக, பட்டியலை ஊர் தெரிந்த ஒருவரிடமும் ஊரே தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். தெரிந்தவர் விடுபட்ட ஆளைச் சொல்வார். தெரியாதவரிடம் பெயரை மறைத்துவிட்டு ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, ‘இது யார், அது யார்’ என்று கேளுங்கள். இரண்டு வரிக்கும் அவர் ஒரே ஆளைக் காட்டினால், அந்த இரண்டு அட்டையையும் எடுத்து ‘யார் இல்லை’ என்ற வரியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.